பச்சைப் பொத்தான்

ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த காலையில் எனக்கு ஒரு நாற்காலியும், ஒரு கம்ப்யூட்டரும், செத்துப்போன ஒருத்தியின் பாஸ்வேர்டும் கொடுத்தார்கள்.

"ஸ்வெட்டர் அக்கா அக்கவுன்ட்டை மட்டும் மூடிடாதம்மா," என்றார் பக்கத்து மேசையில் பில் பார்க்கும் அண்ணன். "இங்க ஓடுற ஆராய்ச்சியெல்லாம் அவங்க பேர்லதான் ஓடுது. மூடினா மொத்தமும் படுத்துரும்."

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்தான் ஸ்வெட்டர் அக்கா. கம்ப்யூட்டர் கோளாறு, லீவு விண்ணப்பம், விஞ்ஞானிகளின் டிக்கெட் எல்லாம் அவர் தலையில்தான். பெரிய மெஷின்கள் ஓடும் குளிர் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்ததால் கோடையிலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டாராம். அந்த அறைக்குள்ளேயே செத்துப்போனார்.

"தீயணைக்கிற கேஸ் திறந்துக்கிச்சு. மூச்சு விடக் காத்து இல்லாம போயிடுச்சு. விதி," என்றார் அண்ணன், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முதல் நாளாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

தினமும் காலையில் எல்லோருக்கும் அக்கா பெயரில் ஒரு மெயில் வரும். 'வணக்கம். வேலை முடிந்தது. பார்த்துக்கொள்ளவும்.' அவர் என்றோ எழுதிவைத்ததை மெஷின் அனுப்பிக்கொண்டிருந்தது. செத்தவள் பெயரில் வந்ததைக் கொட்டாவி விட்டபடி திறந்து பார்த்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

குளிர் அறைக்கு ஒரே கதவு. வெளியே கார்டைக் காட்டினால் திறக்கும். உள்ளேயிருந்து வர, சுவரில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அன்று உள்ளே போய் வேலையை முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கதவு அசையவில்லை. மறுபடியும் அழுத்தினேன். மெஷின்களின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதுகில் குளிர் ஏறியது.

அப்போது தைல வாசனை வந்தது. தலைவலிக்குத் தடவுவோமே, அந்தத் தைலம். யாரோ இப்போதுதான் தடவிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதுபோல.

கதவு திறந்துகொண்டது.

வெளியே ஓடிவந்தேன். "நீங்களா அண்ணே திறந்தீங்க?"

அண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "நான் எங்கம்மா திறந்தேன்? அந்தப் பொத்தான் வேலை செய்யாதே, யாரும் சொல்லலையா?"

பிரிவுத் தலைவரிடம் போய் நின்றேன். பிரிவில் அவருக்கு 'அடுத்த வாரம்' என்று பட்டப்பெயர். ஏன் என்று அன்றைக்கே தெரிந்தது.

"பொத்தான்தானே? அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா."

அக்காவும் இந்தப் பதிலைத்தான் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறார்; அவருடைய பழைய மெயில்களில் இருந்தது. அவரை அந்த அறை தின்ற பிறகும் பொத்தான் அப்படியேதான் இருந்தது. கேஸ் உருளையை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார்கள். மெஷின் முக்கியமாயிற்றே!

மறுநாளிலிருந்து உள்ளே போகும்போதெல்லாம் கதவிடுக்கில் என் பையை வைத்துவிட்டுத்தான் போனேன். ஆனால் அறையில் யாருமே இல்லாதபோதும் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது.

டொக். டொக்.

"ஃபேன் சத்தம்," என்றார் அண்ணன், திரும்பாமலேயே.

"அன்னிக்கும் இப்படித்தான் கேட்டுச்சா?"

அவர் முகம் வெளிறியது. குரலைத் தாழ்த்தினார். "கேஸ் வர்றதுக்கு முன்னாடி எச்சரிக்கை மணி அடிச்சுதும்மா. ஆனா அது யாராவது தும்மினாகூட அடிக்கும். பக்கத்துல இருக்கறவங்க கை நீட்டி இந்தச் சிவப்பு ஸ்விட்சை அமத்திடுவோம், அதான் பழக்கம். அன்னிக்கு வெளியூர் ஆளுங்க வந்திருந்தாங்க. சத்தம் தொந்தரவா இருக்குன்னு நம்ம தலைவர் சாரே வந்து அமத்தினாரு. அமத்தினா கேஸும் நின்னுடும்னு நெனச்சோம்."

நிற்காது. அந்தச் சிவப்பு ஸ்விட்ச் மணியின் வாயைத்தான் அடைக்கும். இவ்வளவு படித்தவர்களில் ஒருவர்கூட அதை ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வாரம் அக்காவின் கணவர் வந்தார், மேசையில் கிடந்த, தைலம் மணக்கும் மாற்று ஸ்வெட்டரையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிப் போக. 'அடுத்த வாரம்' அவரிடம் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, "தூக்கம் மாதிரி போயிட்டாங்க. கஷ்டமே படல," என்றார். வாய் கூசாமல் சொன்னார். மனிதர் தலையாட்டிவிட்டு, வாசலில் என்னிடம் மட்டும் கேட்டார்.

"அவ தட்டியிருப்பாளேம்மா. யாருக்குமே கேக்கலையா?"

அவர் எண்ணைக் கேட்டு என் போனில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மெயில் வரவில்லை. ஆராய்ச்சி நடுவழியில் நின்றுபோயிருந்தது. உள்ளே போய் மெஷினைத் தட்டியெழுப்ப வேண்டும். கார்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டுக் காட்டினேன். சிவப்பு.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தைல வாசனை. என்ன தாமதம் என்று பிரிவுத் தலைவரே வந்து நின்றார்.

"என்னை உள்ள விடலை சார்," என்றேன். "விட்டாலும் போகமாட்டேன். முதல்ல பொத்தானை மாத்துங்க."

"ஒரு பொத்தானுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" அவர் தன் கார்டைக் காட்டினார்.

உடனே பச்சை. திறந்துகொண்டது, அழைப்பதுபோல. அவர் என்னை ஏளனமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இடுக்கில் எதையாவது வைக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும், என்றைக்காவது உள்ளே போயிருந்தால்தானே!

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மணி அடித்தது.

அண்ணனின் கை பழக்கத்தில் சிவப்பு ஸ்விட்சுக்கு நீண்டது. பட்டென்று அடித்துத் தள்ளினேன். "தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!"

உள்ளே தட்டினார். முதலில் விரலால், பிறகு கையால், பிறகு உடம்பாலேயே மோதினார். அந்த வெறித்தனமான சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

டொக். டொக்.

கார்டைக் காட்டினேன். சிவப்பு.

கிடக்கட்டும் என்று விட்டுவிடத் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே தோன்றியது. அப்போது அந்த மனிதரின் கேள்வி காதுக்குள் வந்து நின்றது. கதவில் வாயை வைத்தேன்.

"அக்கா, விடுங்க அவரை. பாவம் பாத்துச் சொல்லலை. உங்க வீட்டுக்காரர் ஒண்ணு கேட்டாரு. அதுக்குப் பதில் சொல்ல இந்த ஆள் உயிரோட வேணும்க்கா."

அந்த இரண்டாவது சத்தம் நின்றது.

விளக்கு பச்சையாயிற்று. 'உஸ்' என்று கேஸ் பீறிடும் நேரத்தில் அவர் என் காலடியில் வந்து விழுந்தார். கதவை உதைத்துச் சாத்தினேன். விரல் முட்டியெல்லாம் ரத்தம். சட்டை முழுக்கத் தைல வாசனை.

"தட்டினேனே," என்று அழுதார். "யாருக்குமே கேக்கலையா?"

போனை எடுத்து அக்காவின் கணவர் எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்தேன். "அவர்கிட்ட சொல்லுங்க. அக்கா தட்டினாங்களா, இல்லையா? மணியை அமத்தினது யாரு? சொல்லுங்க சார்!"

சொன்னார். தேம்பித் தேம்பி, ஒன்றுவிடாமல்.

அன்று சாயங்காலமே ஆள் வந்து பொத்தானை மாற்றிவிட்டார். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஒரு பெண் செத்தும் நடக்காதது, 'அடுத்த வாரம்' கொஞ்ச நேரம் தட்டியதில் நடந்துவிட்டது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அக்காவின் அக்கவுன்ட்டை நானே மூடினேன். மொத்தமும் படுத்தது. படுக்கட்டுமே! எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றி ஓடவிட்டேன். "போதும்க்கா, வீட்டுக்குப் போங்க," என்றும் சொன்னேன்.

மறுநாள் அவர் பெயரில் மெயில் வரவில்லை. தட்டும் சத்தமும் இல்லை. நிம்மதியாக, கையில் பையோடு குளிர் அறைக்குப் போனேன். கார்டைக் கழுத்திலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை.

உள்ளே யாரோ பச்சைப் பொத்தானை அழுத்தும் 'க்ளிக்' கேட்டது. கதவு திறந்து, தைல வாசனையோடு எனக்காகக் காத்து நின்றது.