தறியை விட்டு எழுப்பியவள்

தகரப் பெட்டியைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான் வீரபாகு. இட்லித் தட்டோடு அறை வாசலில் நின்ற கமலவேணிக்குக் கால் நிலைகொள்ளவில்லை. உள்ளே போகலாமா... வேண்டாமா...

"தம்பி, ரெண்டு வாய் சாப்ட்டுக்கினு போப்பா. வேலூர் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும்..."

"அண்ணே! எனக்குப் பசியில்லன்னு சொல்லு!" கூடத்துத் தறியில் இருந்த அண்ணன் மயில்வாகனத்தைப் பார்த்துக் கத்தினான் அவன்.

ஒன்பது வருஷமாக இப்படித்தான். அண்ணியிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஊர்க் கல்லூரியில் பி.யூ.சி.யும் பி.ஏ.வும் படித்தான். சென்னையில் எம்.ஏ. முடித்தான். திரும்பி வந்து, படித்த கல்லூரியிலேயே டியூட்டராக நின்று பாடம் சொன்னான். இன்றைக்கு வேலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். இனி இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியும் விட்டான்.

அந்தப் பேச்சுதான் கமலவேணியை அறைக்குள் தள்ளியது. தட்டைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"எம்மேல இருக்கிற கோவத்தச் சோத்துமேல காட்டாதப்பா."

"நானா காட்றேன்?" முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "நான் நெய்த பொடவைய எங்கப்பா எதிர்ல விரிச்சிப் போட்டது யாரு? 'மாமா, தம்பி கை கோர்வைக்கு ஒதவாது, தறிய வுட்டு எழுப்பிடுங்க'ன்னு சொன்னது யாரு? தெருவே வேடிக்க பாக்க அடிச்சாரே...!"

புடவையின் கரையையும் உடலையும் இழைக்கு இழை பிணைக்கிற கோர்வைக்கு ஆள் இரண்டு வேண்டும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளியவன் வீரபாகு. அன்று அந்தப் புடவையில் முழ நீளத்துக்குக் கரை உடலை விட்டுப் பிரிந்திருந்தது. அவனை எழுப்பிவிட்ட நாளிலிருந்து அந்த இடத்தில் கமலவேணிதான் உட்கார்கிறாள்.

தறிச் சத்தம் நின்றது. மயில்வாகனம் எழுந்து வந்தார்.

"பேசி முடிச்சிட்டியாடா?"

"வாணாங்க... சொல்லாதீங்க!" கமலவேணி குறுக்கே வந்தாள்.

"நீ சும்மாரு! டேய், பத்து வயசுல தறிக்குழில கால் வெச்சவன் நான். கை தப்புனதுக்கும் ஊசி வுட்டு இழைய நெம்பிப் பிரிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாதா? உன் கோர்வைல ஒரு தப்பும் இல்ல. நெம்பிவுட்டது இவ!"

வீரபாகு அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"காலேஜ் ஃபாரத்த மடியில வெச்சிக்கினு நீ அழுதியே, இவ பாத்துட்டா. நல்லா நெய்யிற கைய அப்பா படிக்க வுடுவாரா? அவரு காதுக்குப் போயிருந்தா இவள அன்னிக்கே பொறந்த வீட்டுக்குத் தொரத்தியிருப்பாரு. அவரு கண்ண மூடுனப்புறமாவது சொல்லலாம்டின்னேன். பி.ஏ. முடியட்டும், எம்.ஏ. முடியட்டும், நல்ல வேல கெடைக்கட்டும்னே நாளக் கடத்திட்டா... தெரிஞ்சா நீ படிப்ப வுட்டுட்டுத் தறிக்கு வந்துடுவியாம்!"

"அண்ணி..."

கமலவேணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "அவ்ளோ அடி விழும்னு நெனைக்கலப்பா... நாலு திட்டு திட்டுவாருன்னுதான் நெனச்சேன். அந்த அடி எம்மேல விழுந்திருக்கக் கூடாதா...!"

"என்னத் திட்டியிருக்கலாமே அண்ணி! ஒன்பது வருஷம் உங்க மூஞ்சியப் பாக்காம இருந்தேனே..." அவள் காலடியில் உட்கார்ந்து, நாடா தள்ளிக் காய்த்துப்போன அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். மயில்வாகனம் மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எனக்குப் புழுதி ஒத்துக்கறதில்ல" என்றார்.

வீரபாகு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அடுத்த பஸ்ல போறேன்."

"இன்னாது?" கண்ணீரோடு அதட்டினாள் கமலவேணி. "மொத நாளே லேட்டா போற வாத்தியாருக்கு எந்தப் புள்ளடா பயப்படும்? சீக்கிரம் முழுங்கு!"

அவள் வாயில் 'டா' வந்தது அன்றைக்குத்தான். அவன் சிரித்தான். இட்லி புரையேறியது.

பெட்டியோடு தெருவில் இறங்கியவனை வாசலில் நின்று கத்திக் கூப்பிட்டாள். "பொங்கலுக்கு வரலன்னா, உங்க பிரின்ஸிபால் எதிர்லயே வந்து காதத் திருகுவேன்!"

தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நனைந்த முகத்தை அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.