தாழ்ப்பாள் இல்லாத அறை

பசுமலையில் அந்த வீட்டின் முன் வண்டியை நிறுத்தியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பவதாரிணி கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் காற்று முகத்தில் மோதியது. புது பிளைவுட் வாடை. அதற்கடியில் வாடிய மல்லிகை.

“வீட்ட விக்கப் போறாகளாக்கா?” என்றான் தச்சன் சோணைமுத்து.

“ஆமா. ஸ்யாமளா மேடம் இறந்தப்புறம் அவங்க தம்பி சிவராம் கூப்பிட்டாரு. அலமாரியக் கழட்டிட்டு அந்த அறைய அடைச்சிரணுமாம்.”

“இனிமே அடைச்சு என்னத்துக்கு?”

அவள் மாடிப்படியில் கால் வைத்தாள்.

“டிரில்ல எடுத்துட்டு வாரேன். தனியா உள்ள போயிறாதீக.”

மாடிப் படுக்கையறையில் சுவர் நிறைய அலமாரி. அதன் வலது ஓரப் பலகையை லேசாக அழுத்தினால் கதவாகத் திறக்கும். பின்னால், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் அறை. பிரிந்துபோன கணவன் எப்போது வந்து நிற்பானோ என்ற பயத்தில் ஸ்யாமளா கேட்டுச் செய்துகொண்டது.

“இது நம்மளோட போகட்டும்மா. யாருக்கும் காட்டிராத,” என்று பவதாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றும் கேட்டாள்.

பவதாரிணி சிரித்தாள். “யாருக்குமே தெரியாத கதவுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு மேடம்?”

வேலை முடிந்ததும், தான் உள்ளலங்காரம் செய்த எல்லா வீட்டையும் போல இதையும் வீடியோ எடுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். பெயர் சொல்லவில்லை, முகவரி சொல்லவில்லை. ரகசியக் கதவை மட்டும் திறந்து காட்டினாள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஜன்னலில் தெரிந்த மலையை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தவன் அந்தக் கணவன் ஒருவன்தான். அவன் வந்த அன்று ஸ்யாமளா உள்ளேதான் ஒளிந்திருந்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வீடியோவை பவதாரிணி இன்னும் நீக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் புதியவர்கள் வேலை கொடுத்தார்கள்.

பலகையை அழுத்தினாள். திறந்தது. எட்டிப் பார்க்க ஓர் அடி உள்ளே வைத்தாள்.

டக்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது. தள்ளினாள். அசையவில்லை. மல்லிகை வாடை மூச்சை அடைத்தது.

கையிலிருந்த போன் தானாக ஒளிர்ந்தது. அவளுடைய பக்கத்தில் நேரலை. அவளுடைய குரலேதான், அதே உற்சாகத்தோடு.

“வணக்கம் மக்களே. இன்னைக்கு நாம பாக்கப் போறது விளாங்குடியில ஒரு அழகான வீடு.”

அவளுடைய வீடு.

“சாவி இந்தச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் இருக்கும்.”

படி ஏறியது படம். மாடி அறை. கட்டிலில் காய்ச்சலோடு தூங்கும் மகள் அஸ்வினி.

“பாப்பா ரூம். இதுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.”

“மேடம், வேண்டாம்,” என்று கிசுகிசுத்தாள் பவதாரிணி. “எம் பொண்ணு ஒண்ணும் பண்ணல.”

காதோரம் மூச்சுப் பட்டது.

“நான் என்னம்மா பண்ணேன்?”

கதவு பட்டென்று திறந்தது. வெளிச்சத்தில் சோணைமுத்து வெளிறிப்போய் நின்றான். “எம்புட்டு நேரமாக்கா தட்டுறேன்?”

அவள் நிற்கவில்லை. ஆரப்பாளையம் நெரிசலில் வண்டி நின்றபோது, அந்தப் பழைய வீடியோவை அழித்தாள். வீட்டுக்குள் ஓடி, மாடிக்கு ஓடினாள்.

அஸ்வினி கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பவதாரிணி அவளை வாரி அணைத்துக்கொண்டாள்.

“அந்த ஆன்ட்டி போயிட்டாங்களாம்மா?”

“எந்த ஆன்ட்டி?”

“டேப்ப வச்சு செவத்த அளந்தாங்களே. அப்புறம் என்னையும் அளந்தாங்க.”

சுவரில் பென்சிலால் ஒரு கதவு வரைந்திருந்தது, சரியாக அஸ்வினியின் உயரத்துக்கு. அந்தச் சுவருக்கு அப்பால் அறை எதுவும் கிடையாது. வெறும் வெளிதான்.

கோட்டின் ஓரமாகச் சுண்ணாம்பு மெல்ல உதிரத் தொடங்கியது.

அந்தப் பக்கமிருந்து யாரோ அழுத்தினார்கள்.