கல்லடியில் சொன்ன பொங்கல்

முதுகின் அடியில் நாரி நெருப்பாய்க் காந்தியது. கரீபியன் கடலின் அந்தச் சின்னத் தீவில் படகை விட்டு இறங்கும்போது, கௌசிகன் மனைவி சிவமலரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். பத்தொன்பது வருடமாக லண்டன் களஞ்சியம் ஒன்றில் அரிசி மூட்டை தூக்கிய முதுகு. லீவு முடிந்து வந்ததும் மூட்டை தூக்க முடியாவிட்டால் வேலைக்கே வரவேண்டாம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். கௌசிகனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

வாடகைக்கு எடுத்த பழைய மரவீட்டின் பின்வளவில், ஒரு மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அதற்கு வெள்ளை அடித்து, முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் சாராயம் வைத்திருந்தார்கள். மரம், கல், சாராயம். யாழ்ப்பாணத்தானுக்கு வேறென்ன தோன்றும்?

"வைரவர், மலர்," என்றான். பையிலிருந்த திருநீற்றைக் கல்லில் பூசி, கற்பூரம் கொளுத்தினான். "ஐயா, இந்த நோவை நீ வாங்கிக்கொள். போக முதல் இந்தக் கல்லடியிலையே உனக்குப் பொங்கிப் படைக்கிறன்."

விடிய எழும்பினான். நோ இல்லை. குனிந்தான், நிமிர்ந்தான். சிவமலரை அலாக்காகத் தூக்கினான்.

"விடுங்கோப்பா, ஆரும் பாக்கப்போகினம்!" என்று அவள் சிரித்தாள்.

அந்தத் தீவில் ஒருவருக்கும் அவசரமில்லை. கடைக்காரர் நித்திரை முறிந்தால் கடை திறப்பார். படகு வருகிறபோது வரும். ஷிப்டுக்கு ஒரு நிமிடம் பிந்தியறியாத கௌசிகன், பொரித்த மீனும் கடற்காற்றுமாய்க் கயிற்றூஞ்சலில் கிடந்தான். பொங்கல்? நாளைக்கு. பத்து நாளும் நாளைக்கு. திரும்பும் படகு கரையை விட்ட பிறகுதான் பொங்கல் நினைவுக்கு வந்தது.

"அதுக்கென்ன, லண்டன் முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்தால் சரி. எல்லாரும் ஒரே குடும்பம்தானே," என்றாள் சிவமலர்.

லண்டனில் இறங்கிய அன்றே மனோர் பார்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்தார்கள். வீட்டு வாசலுக்கு வர நாலு மணி. டிசம்பர் இருட்டு அதற்குள் தெருவை மூடியிருந்தது.

கதவைத் திறந்ததும் மணந்தது. ஈரமண். அதற்குள் கருகிய சீனி.

"அடுப்பிலை ஏதும் விட்டிட்டுப் போனனீரே?"

"அடுப்பைத் துடைச்சு மூடிப்போட்டுத்தானே போனனான்."

மாடிப்படியில் ஓர் அடி விழுந்தது. நீண்ட இடைவெளி. பிறகு இன்னோர் அடி.

"பக்கத்து வீட்டுக்காரராக்கும்," கௌசிகன் குரலைத் தாழ்த்தினான்.

"பக்கத்து வீட்டுக்காரர் எங்கடை படியிலையே ஏறுவினம்?"

மூன்றாவது அடி. அதோடு ஒரு முக்கல்.

ம்ஹ்ம்.

அந்த ஓசையைக் கௌசிகனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாரம் முதுகில் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து தானாகப் புறப்படுவது. நாளுக்கு இருநூறு தடவை அவன் வாயிலிருந்தே வந்தது.

படியில் ஒருவரும் இல்லை.

கம்பளம் மட்டும் படிக்குப் படி அமுங்கி எழுந்தது.

குசினிக்குள் ஓடி, தீவு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிளின்ரனுக்கு ஃபோன் போட்டான். வளவில் இருக்கிற கல் என்ன சாமி என்று தெரிந்த இங்கிலீசில் கேட்டான். கிளின்ரன் விழுந்து விழுந்து சிரித்தான். சாமியில்லையாம், சமாதியாம். அங்கே செத்தவர்களை வீட்டு வளவிலேயே புதைப்பார்களாம். சீனி ஆலையில் மூட்டை சுமந்து, நாரி முறிந்து செத்த ஒருவன். பெயர்கூட இப்போது ஒருவருக்கும் தெரியாதாம்.

"அவனுக்குக் குடிக்கச் சாராயம் வைக்கலாம்," என்ற கிளின்ரனின் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ அவனிடம் எதையும் தூக்கச் சொல்லவில்லையே?"

கௌசிகன் ஃபோனைக் கீழே வைத்தான். நோ கரைந்துபோனது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அதைச் செத்தவன் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். பாரத்தோடு ஒருவன் எவ்வளவு நேரம் நிற்பான்? இறக்கி வைக்க இடம் பார்ப்பான். இடம் இல்லாவிட்டால் இன்னொரு முதுகு பார்ப்பான்.

"மலர்?"

குசினியை விட்டு வெளியே வந்தான்.

சிவமலர் படியடியில் நின்றாள். இரண்டாய் வளைந்து, முகம் தரையைப் பார்க்க, இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால் எதையோ இறுக்கியிருந்தன. வாழ்நாளில் ஒரு மூட்டை தூக்காதவள். பிடி மட்டும் மூட்டைக்காரனின் பிடி.

"இறக்கிவிடுங்கோ," என்றாள் மெல்ல. "கனக்குது."

அவன் பாய்ந்து, அவள் முதுகுக்கு மேலே வெறும் காற்றில் கை கொடுத்தான்.

விரலில் ஈரச் சாக்கு சொரசொரத்தது.

மூச்சைப் பிடித்துத் தூக்கினான். அசையவில்லை. அவனுடைய நாரியில் மருந்துக்கும் நோ இல்லை.

ம்ஹ்ம்.

இம்முறை அது சிவமலரின் வாயிலிருந்து வந்தது.

தீவுப் பக்கம் போகும் அடுத்த விமானம் வியாழக்கிழமைதான், இன்னும் நாலு நாள். அந்தக் கல்லடியில், செத்தவனுக்குச் சொன்ன ஒரு பானை பொங்கல் இன்னும் பாக்கி.