பெட்டிக்குள் நின்ற அம்மா

"அண்ணி, கடைசியாக் கேக்குறேன். பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

நாகலெட்சுமி கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் பிள்ளைக்கு ஊட்டி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, கூடையோடு கங்காணி முன்னால் போய் நிற்க வேண்டும்.

"உங்களைத்தான் கேக்குறேன்!"

"பிள்ளை சாப்பிடட்டும் தம்பி. சத்தம் போடாத."

"பெட்டி இல்லாமத்தானே அது சாப்பிட மாட்டேங்குது! நாலு நாளா அழுவுது. கல்லு மனசா உங்களுக்கு?"

கொழுந்தன் ஜீவராஜ் ஹட்டன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய நாலு வயது மகள் தனுஷிகா சுவரோரம் குந்தியிருந்தாள். ரொட்டித் துண்டு கையில் அப்படியே இருந்தது. கண்ணை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. பிள்ளைக் காம்பரா ஆயாகூட இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "என்னா நாகு, இந்தப் பிள்ளை நடக்கையில தட்டித் தடுமாறுது? தல சுத்துதுன்னு வாந்தியும் எடுக்குது?"

அப்போது ஜீவராஜின் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை. குவைத்தில் வீட்டுக்காரர்கள் எழும்புவதற்கு முன்னால், வாரத்துக்கு ஒருக்கா, அங்கே வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அவன் பெண்சாதி லோஜினி பேசும் நேரம். அவன் போனை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"தங்கம்... அம்மா பேசுறேன்டி. இங்க பாரு, அம்மாவப் பாரு!"

தனுஷிகா திரையைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு முகம். உதட்டைப் பிதுக்கினாள்.

"நீங்க அம்மா இல்ல. எங்க அம்மா பெரிசு."

அந்தப் பக்கம் லோஜினியின் குரல் வெடித்தது.

"அக்கா! பக்கத்துலதானே இருக்கீங்க? யாரு சொல்லிக் குடுத்தது இத? நான் அம்மா இல்லன்னா வேற யாரு அம்மா... நீங்களா? எம் பிள்ளை என்னைய மறந்துடக் கூடாதுன்னுதானே அந்தப் படத்தப் புடிச்சு அனுப்புனேன்! அதையும் ஒளிச்சு வச்சுட்டீங்களாமே! உங்க வயித்துல ஒண்ணு தங்கலைங்கிறதுக்காக எம் பிள்ளையப் புடுங்கப் பாக்குறீங்களா?"

"லோஜினி..."

"பேசாதீங்க! இன்னும் எட்டு நாள்ல வர்றேன். வந்த அன்னைக்கே பிள்ளையத் தூக்கிட்டுப் பட்டிப்பொலவுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் உங்க நெழல்கூட அது மேல படாது!"

போன் அணைந்தது. நாகலெட்சுமியின் கணவன் அழகுமுத்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "குடுத்துத் தொலைச்சிடேன் புள்ள. ஒரு வெளயாட்டுச் சாமானுக்கு எதுக்கு இம்புட்டு வம்பு?"

ஒருவராவது, ஒரே ஒருவராவது, 'ஏன் ஒளித்தாய்?' என்று கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்கள். நாகலெட்சுமி படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளையை ஒரு கையிலும் கூடையை மறு கையிலும் பிடித்தபடி படியிறங்கினாள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தாள்.

மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போடும்போதெல்லாம் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்து குத்தியது. வயித்துல ஒண்ணு தங்கலை...

ஒன்றரை வயதில் கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. கூரை ஒழுகுகிறது, சொந்தமாக ஒரு வீடு வேண்டும், இரண்டே வருடம் அக்கா என்று சொல்லி, பஸ் ஏறும்வரை அழுதவள் லோஜினி. அவள் போன அடுத்த வருடம் தோட்டத்துத் துரை நாகலெட்சுமியைக் கூப்பிட்டுக் கங்காணி வேலை தருகிறேன் என்றார். மேல் மலைக்குப் போக வேண்டும், பொழுது சாயும்வரை இறங்க முடியாது. பிள்ளைக் காம்பரா அதற்கு முன்பே மூடிவிடும் என்பதற்காகவே "ஏலாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

பொறாமையே இல்லையா? அந்தக் கேள்வியையும் அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். போன மாதம் ஜீவராஜ் டவுனில் வி.ஆர். பெட்டி என்று ஒன்றை வாங்கிவந்து, போனை உள்ளே செருகி, பிள்ளையின் கண்ணில் மாட்டிவிட்டான். குவைத் வீட்டுப் பையனின் கேமராவில் லோஜினி எடுத்து அனுப்பிய படம். சுற்றிலும் அந்த வீட்டுச் சமையலறை, நடுவில் ஆள் உயரத்துக்கு லோஜினி. "வா தங்கம், அம்மாகிட்ட வா" என்று இரண்டு கையையும் நீட்டுவாள். பிள்ளை "அம்மா!" என்று துள்ளியபோது நாகலெட்சுமியின் நெஞ்சில் ஒரு முள் தைத்தது உண்மைதான். அந்தச் சொல் தன்னைப் பார்த்து ஒருநாளும் வந்ததில்லை என்று தோன்றியதும் உண்மைதான். ஆனால் பெட்டியை எடுத்து வைத்தது அதற்காக இல்லை. இல்லவே இல்லை!

திங்கட்கிழமை அது நடந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறை. அவள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஜீவராஜ் மகளின் கண்ணில் பெட்டியை மாட்டிவிட்டு, பக்கத்துக் காம்பராவில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டான். பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்க அதைவிட நல்ல வழி அவனுக்குக் கிடைக்கவில்லை!

நாகலெட்சுமி குடத்தோடு ஏறிவந்தபோது, கண்ணை அடைத்த பெட்டியோடு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தனுஷிகா இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி வாசலில் நடந்துகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலின் விளிம்பில் கருங்கல் கட்டு. கட்டுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். பள்ளத்தில் கழிவுநீர்க் கான்.

குடம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. விளிம்பில் பிள்ளையின் ஒரு கால் அந்தரத்தில் தூக்கியிருந்தபோது அவளை வாரிப் பிடித்தாள். தனுஷிகா வீறிட்டாள்.

"விடுங்க! அம்மா கூப்புடுறாங்க! விடுங்க பெரியம்மா!"

மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். நாகலெட்சுமி விடவில்லை.

ஜீவராஜ் பேயறைந்தவன்போல் வந்து நின்றான். "அண்ணி... அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. லோஜினிக்குத் தெரிஞ்சா அங்க அவ சாப்பிட மாட்டா, தூங்க மாட்டா..." என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவள் சம்மதித்தாள். கடல் தாண்டி இருக்கிறவள் இதைக் கேட்டு என்ன செய்வாள்? அண்ணன் தம்பி இரண்டும் வெட்டுக்குத்தில் நிற்பதா? பெட்டியைப் பழைய துணியில் சுற்றி அரிசிப் பீப்பாவுக்குள் வைத்தாள்.

கெஞ்சிய அதே வாய்தான் இரண்டு நாள் கழித்து, பிள்ளையின் அழுகையைச் சமாளிக்க முடியாமல், "அண்ணி ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று குவைத்துக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னது. என்ன நெஞ்சு அது! அவமானம் ஆளைத் திருத்தும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது அவனைப் பொய்யனாக்கியிருந்தது.

சொன்னபடியே எட்டாம் நாள் லோஜினி வந்து இறங்கியபோது பகல் இரண்டு மணி. லயத்து வரிசை வீட்டுச் சனமே வாசலில் கூடியிருந்தது. வேனிலிருந்து இறங்கி ஓடிவந்தவள் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"தங்கம்... வாடி... அம்மாகிட்ட வா!"

தனுஷிகா பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

லோஜினியின் முகம் கறுத்தது. எழுந்தாள். காம்பராவுக்குள் வந்ததும் நாகலெட்சுமியைப் பார்த்து, "நல்லாத்தான் வளத்திருக்கீங்க" என்றாள். "பெத்தவளக் கண்டா ஒளியிற அளவுக்கு வளத்திருக்கீங்க!"

"பிள்ளை ரெண்டரை வருசமா உன்னைய நேர்ல பாக்கலையே லோஜினி. கொஞ்சம் பொறு..."

"எனக்கு ஒரு கதையும் வேணாம். பெட்டியக் குடுங்க. அது தெரிஞ்ச முகத்தப் பாத்துட்டாவது எங்கிட்ட வரட்டும். அஞ்சு மணிக்குள்ள நாங்க பொறப்படணும்."

நாகலெட்சுமி ஜீவராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் பீப்பா மூடியைத் திறந்து, அரிசிக்குள் கையை விட்டுத் துணிப்பொட்டலத்தை எடுத்து லோஜினியின் கையில் வைத்தாள். ஜீவராஜ் தன் போனைச் செருகிக் கொடுத்தான்.

பெட்டியைக் கண்டதும் தனுஷிகா சேலையை விட்டுப் பாய்ந்துவந்தாள். தானே கண்ணில் மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு நாளாகக் காணாத சிரிப்பு முகமெல்லாம் பரவியது.

"அம்மா! வந்துட்டேன்மா!"

"இங்க பாரு, நான் இங்க இருக்கேன் தங்கம்!" லோஜினி அவள் முன்னால் மண்டியிட்டாள். பிள்ளையின் நீட்டிய கை தாயின் தோளில் முட்டியது. லோஜினி கட்டியணைத்தாள்.

தனுஷிகா இரண்டு கையாலும் தாயின் முகத்தைத் தள்ளினாள்.

"வழி விடுங்க! அம்மா கூப்புடுறாங்க!"

தள்ளிவிட்டு நடந்தாள். வாசல்படி தாண்டி, இஸ்தோப்பு தாண்டி, கருங்கல் கட்டை நோக்கி. லோஜினி விக்கித்துப்போய் அப்படியே இருந்தாள். அதற்குள் நாகலெட்சுமி ஓடிப்போய்க் கட்டின் விளிம்பில், பள்ளத்துக்கு முதுகு காட்டி, கையை விரித்து நின்றிருந்தாள். பிள்ளை எந்தக் கல்லுக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். மடியில் வந்து மோதியவளை வாரித் தூக்கிக்கொண்டாள். சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் அரைவட்டமாகப் பல் தடம், இன்னும் ஆறாத கருநீலம்.

லோஜினி அந்தத் தடத்தைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடியும் நடந்திச்சா?"

ஜீவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்களத்தான் கேக்குறேன்! நடந்திச்சா?"

"ஒருக்கா... அண்ணி புடிச்சிட்டாங்க. நான்தான் சொல்ல வேணாம்னு..."

அழகுமுத்து கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நாகலெட்சுமி நடுவில் வந்தாள். "அடிச்சா சரியாயிருமா? உக்காருங்க அங்க!" இருபது வருட வாழ்க்கையில் அவள் புருஷனை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவன் உட்கார்ந்துவிட்டான்.

லோஜினி பிள்ளையின் கண்ணிலிருந்து பெட்டியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா... அந்த வீட்டுலயும் இது இருக்கு. மூத்த பையனோடது. ஒரு தங்கச்சிப் பிள்ளை இருக்கு, நம்ம தனு வயசுதான். அது தொட்டாலே மேடம் கத்துவாங்க. சின்னப் பிள்ளைங்க கண்ணுக்கு ஆகாது, விழுந்துரும், நெசம் எது படம் எதுன்னு தெரியாதும்பாங்க. நான்தான் அந்தப் பிள்ளை கையில இருந்து புடுங்கி அலுமாரி மேல வைப்பேன். இந்தக் கையாலதான்க்கா! அந்தப் பிள்ளைக்கு ஆகாதது எம் பிள்ளைக்கு மட்டும் எப்பிடி ஆகும்னு எனக்குத் தோணவே இல்லையே!"

"அந்தப் பிள்ளைக்கு அம்மா வீட்டுல இருந்தாங்க" என்றாள் நாகலெட்சுமி. "உம் பிள்ளைக்கு இல்ல. அதனாலதான் தோணல."

லோஜினி அவள் காலில் சரிந்தாள். "என்னைய மன்னிச்சிருங்கக்கா... என்னென்ன பேசிட்டேன்... வயித்தப் பத்தியெல்லாம் பேசிட்டேனே..."

நாகலெட்சுமி உடனே தூக்கவில்லை. அந்தச் சொல் இன்னும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. பொறுத்தது போதும் என்றிருந்தது.

"பேசுனதுகூடப் பெரிசில்ல லோஜினி. ஏன்னு ஒரு வார்த்த கேக்கலையே நீங்க! நீயும் கேக்கல, கூடவே இருக்கிற எம் புருசனும் கேக்கல. ரெண்டரை வருசமா நெஞ்சுல போட்டு வளத்தவ பிள்ளைகிட்ட இருந்து ஒரு சாமானப் புடுங்குனா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணலையா? பிள்ளை பெறாதவன்னா காரணம்கூட இருக்காதா?"

ஜீவராஜ் பெட்டியை வாங்கி, "கான்ல வீசிடுறேன் அண்ணி" என்று எழுந்தான்.

"வீசாத. பெட்டி என்ன செஞ்சிச்சு? வளந்து பெரியவளாகி, இது படம்னு புரிஞ்ச பெறகு அவளே பாக்கட்டும். நாலு வயசுப் பிள்ளை கண்ண அடைச்சுவிட்டுட்டு மேட்ச் பாக்கப் போனது நீ. அத எந்தக் கான்ல வீசுவ?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து லோஜினியைத் தூக்கினாள்.

"எந்திரி. பிள்ளையப் புடிச்சு இழுக்காத. கூப்புடவும் செய்யாத. கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் அந்தப் பெட்டி அவள இப்பிடி ஆக்கிச்சு. நீ பாட்டுக்கு உக்காந்து மாவப் பெசை."

பயணம் வந்த உடுப்போடு லோஜினி அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிசைந்தாள். கண்ணீர் மாவில் விழுந்தது. அவள் நிமிரவில்லை. அஞ்சு மணிப் பயணம் அவள் நினைவிலேயே இல்லை. அம்மிக்குப் பின்னால் நின்று தனுஷிகா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி வைத்தாள். நின்றாள். இன்னொரு அடி. ஒற்றை விரலை நீட்டி லோஜினியின் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் இருக்கும் அம்மாவை எத்தனை தடவை தொடப் பார்த்திருப்பாள்! ஒருநாளும் கையில் எதுவும் அகப்பட்டதில்லை. மறுபடி தொட்டாள். இந்தத் தடவை முழு உள்ளங்கையும் பதிந்தது.

"பெரியம்மா... இந்த அம்மா சூடா இருக்காங்க."

லோஜினியின் தோள் குலுங்கியது. மாவுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் தூக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளை தானாகவே அவள் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது.

அந்த முள் மறுபடி தைத்தது. நாகலெட்சுமி அதைத் தனக்குள் மறைக்கவில்லை. தைக்கட்டும். குடத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசல் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எங்க போறீங்க?"

"தண்ணி எடுத்துட்டு வர்றேன்."

"பெரியம்மா!" தனுஷிகா மடியிலிருந்தபடியே கையை ஆட்டினாள். "வாங்க, வாங்க! நீங்களும் தொட்டுப் பாருங்க!"

நாகலெட்சுமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். குனிந்து லோஜினியின் கன்னத்தைத் தொட்டாள். ஈரமாக, சூடாக இருந்தது. லோஜினி மாவுக் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.