வாழைக்குக் குளிரும்

அன்று காலை மோர்வென்னாவின் தோட்டம் முழுக்க உறைபனி பிடித்திருந்தது. சீனப் பனைகளின் விசிறி ஓலைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு, மரப்பெரணிகளின் தலையில் சுற்றியிருந்த சாக்கு, வேலி, தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி என்று ஒன்று விடாமல் எல்லாவற்றின் மேலும் சர்க்கரை தூவியதுபோல் வெள்ளை. வாழையின் போர்வை மேல் மட்டும் பனி இல்லை. அது நனைந்து, நிறம் மங்கி, லேசாக ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

சமையலறை ஜன்னலில் தேநீரோடு நின்றிருந்தவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். சுவர் ஓரமாக இருப்பதால் பனி விழவில்லை போலும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பனைகளும் அதே சுவர் ஓரம்தான் நின்றன.

அந்த வாழையைக் கல்யாணமான புதிதில் அவள் கணவன் டென்சில் சிறு கன்றாகக் கொண்டுவந்து நட்டான். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் வாழை காய்த்து யாரும் தின்றதில்லை. இலையின் அழகுக்காக வளர்ப்பதுதான். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு, டென்சிலுக்குக் கொஞ்சம் முற்றிய பைத்தியம். நண்டுப் படகில் போன நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் தோட்டத்திலேயே கிடப்பான். பிள்ளை இல்லாத வீட்டில் வாழைதான் பிள்ளை. ஒவ்வொரு வருடமும் முதல் பனி இலைகளைக் கருக்கியதும் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு கட்டி, உள்ளே காய்ந்த வைக்கோலைத் திணித்து, வெளியே வெள்ளைப் போர்வைத் துணியைச் சுற்றிக் கட்டுவான். "தூங்குடா, மார்ச்சுல எழுப்பறேன்" என்பது போல் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவான்.

போன அக்டோபரில் படகு மட்டும் கரைக்கு வந்தது. தேடினார்கள். அப்புறம் தேடுவதை நிறுத்தினார்கள். தேவாலயத்தில் பாடினார்கள், குங்குமப்பூ ரொட்டியும் தேநீரும் கொடுத்தார்கள், எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னார்கள். புதைக்கத்தான் ஒன்றும் இல்லை. மோர்வென்னாவின் நெஞ்சை அரித்தது அவன் செத்தது கூட அல்ல, ஒரே ஒரு நினைப்பு. அவனுக்குக் குளிருமே. எந்நேரமும் குளிருமே.

நவம்பரில் வாழைக்குப் போர்த்தும் வேலையை அவளே செய்தாள். வைக்கோல் பாதிக் கூட்டோடு தீர்ந்துபோயிற்று. கடைக்குப் போய் வாங்கியிருக்கலாம். அவள் மாடிக்குப் போய் டென்சிலின் அலமாரியைத் திறந்தாள். நாத்தனார் அந்தத் துணிகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கம்பளிச் சட்டைகள், கால்சராய்கள், காலுறைகள், உப்பு ஏறி விறைத்த மேல்கோட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து கூட்டுக்குள் திணித்தாள். கம்பளி ஈரத்தை விடாது, தண்டு அழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. அழுதுகொண்டே திணித்தாள். அன்றைக்கு ராத்திரிதான் அவளுக்கு முதல்முறையாகத் தூக்கம் வந்தது.

போர்வை மேல் மட்டும் பனி பிடிக்காத அந்த நாளின் மாலையே போய்த் தொட்டுப் பார்த்தாள். போர்வைத் துணி சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் முதுகைத் தொட்டதுபோல் இருந்தது. காதை வைத்தாள். உள்ளே, வெகு ஆழத்தில், ஈரமான கெட்டித் தாளை யாரோ மெல்ல மெல்லப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டு, நின்று, அவள் மூச்சை அடக்கியதும் மறுபடி கேட்டது. குருத்து விரியும் சத்தம். நடுக்குளிரில் எந்த வாழையும் குருத்து விடாது. துணியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அழுகல் வாடை இல்லை. டீசல், நண்டுக்கு வைக்கும் இரை மீன், உப்பு. படகிலிருந்து வந்ததும் கதவருகே நின்று காலணியைக் கழற்றுகிறவனின் வாடை.

பயந்துதான் ஓடிவந்தாள். ஆனால் மறுநாள் மாலையும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். சாம்பல் நிற வானம் கடலோடு ஒட்டிக்கொண்டு இருட்டத் தொடங்கும் நேரத்தில், கையை அந்தச் சூட்டின் மேல் வைத்துக்கொண்டு, ஊர்க்கதையும் உறவுக்கதையும் பேசிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் விறகு அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டாள். அவன் வெளியே நிற்கும்போது அவள் மட்டும் உள்ளே சூடாக உட்கார மனம் வரவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டாள், கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்தாள். சந்தோஷமாகவே இருந்தாள், அதுதான் கொடுமை.

பக்கத்து வீட்டு ஹெட்லி ஒருநாள் மதியம் வேலியைத் தாண்டி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், டென்சிலின் வாழைப் போட்டிக்காரர். அவர் வாழை ஒரு வருடம் கூட டென்சிலின் வாழையை எட்டியதில்லை. கூடு ஆவி விடுவதை அவர் தன் மாடியிலிருந்து பார்த்திருந்தார்.

"சூடா இருந்தா உள்ள அழுகுதுன்னு அர்த்தம்மா. எருக்குழி மாதிரி கொதிக்கும். நல்ல வெயிலா பாத்துப் பிரிச்சுக் காயவெக்கணும். டென்சில் இருந்தா என் தோலை உரிச்சிருப்பான், பக்கத்துலயே இருந்துக்கிட்டு சொல்லலியேன்னு."

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, டென்சில் ராத்திரியில் திருட்டுத்தனமாக வாழைக்கு நண்டு ஓட்டுத்தூள் போட்ட பழைய கதையைச் சொல்லிக்கொண்டே, போர்வைத் துணியின் மடிப்புக்குள் கையை முழங்கை வரை விட்டார். கதை பாதியில் நின்றது. சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட, கண் மட்டும் மாறிற்று. கையைப் பலமாக இழுத்தார், இரண்டாவது இழுப்பில்தான் வந்தது. விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கால்சராயில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள என்ன வெச்ச?"

"டென்சிலோட துணி."

"அழுகலம்மா. ஒண்ணும் அழுகல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ பிரிக்காத. கிட்டயே போகாத. நாளைக்குக் காலைல என் மச்சினனைக் கூட்டிட்டு வர்றேன். அப்படியே எரிச்சிடலாம்."

"டென்சில் வெச்ச வாழை அது."

"வாழை இருக்கட்டும்மா." குரல் இறங்கிவிட்டது. "என் கையப் புடிச்சுக்கிச்சு."

தேநீர் வேண்டாம் என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டில் எல்லா ஜன்னல்களும் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

நாளைக் காலையில் எரித்துவிடுவார்கள். கடல் ஒருமுறை கொண்டுபோனது போதாதா? மோர்வென்னா சமையலறையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். கிழக்கிலிருந்து காற்று திரும்பியது. வானொலியில் கடும் பனி என்றார்கள். பனையோலைகள் கட்டுக்குள்ளேயே சரசரத்தன, கொடிக்கம்பி ஒரே சுருதியில் முனகியது, தோட்டத்து மூலையில் அந்தக் கூடு நின்ற இடத்திலிருந்து பற்கள் தந்தியடிப்பதுபோல் ஒரு சின்னச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. கம்பிவலை நடுங்கும் சத்தம்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள்.

கயிறு அறுந்தது. போர்வைத் துணி ஈரத்தில் கனத்து, தானாகவே சரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அதுவரை நீண்டு விழுந்தது.

அவள் துணிகளைச் சுருட்டித் திணித்திருந்தாள். இப்போது அவை சுருண்டிருக்கவில்லை. மேல்கோட்டு யாரோ போட்டிருப்பதுபோல் இருந்தது. பொத்தான்கள் கழுத்து வரை மாட்டியிருந்தன. கைகள் நிறைந்திருந்தன. கால்சராய் நிறைந்திருந்தது. கைமுனைகளிலிருந்து வெளுத்த, வெயில் படாத பக்கக்கன்றுகள் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. கழுத்துக்கு மேலே வெள்ளைக் குருத்து, சுருட்டியபடி, உயரமாக. கோட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். கடல்.

அது நடுங்கியது.

"டென்சில்?"

அவள் அதன் தோளைத் தொட்டாள். டென்சிலின் தோள் எப்படி இருக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். இது அது இல்லை. இந்தக் கைகள் மிக நீளம். இதற்கு அவளைத் தெரியாது. பெயரும் தெரியாது. குளிர் மட்டும் தெரியும். அவன் துணி, அவன் வாடை, அவன் குளிர். அவன் இல்லை.

அப்போதே ஓடியிருக்கலாம். விடிந்தால் எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த வாடை உலகத்தில் எங்கேயும் இருக்காது. அந்த நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கம்பிவலையை விலக்கினாள். ஈரக் கையைப் பிடித்தாள்.

"உள்ள வா. இங்க நிக்காத."

மண்ணுக்குள் ஏதோ பிய்ந்தது. ஒரு வேர். இன்னொன்று. பின்னால் கனத்த ஈரக் காலடி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள். உள்ளே விட்டாள். சாத்தினாள்.

சமையலறைத் தரையில் தண்ணீர் பரவியது. அது நடுவில் நின்றது. நடுங்கிக்கொண்டு. அடுப்பு இருந்த பக்கம் குருத்து மெல்லச் சாய்ந்தது. சில்லிட்ட இரும்பு. விளக்கின் பக்கம் சாய்ந்தது. விளக்கில் சூடு இல்லை. பிறகு அவள் பக்கம் திரும்பியது. நின்றது. அந்த வீட்டிலேயே சூடாக இருந்தது அவள் ஒருத்திதான்.

குருத்து பிரியத் தொடங்கியது. ஈரத் தாள் பிரியும் சத்தம். இலை விரிந்தது. விரிந்துகொண்டே போனது. வெளுப்பு. நரம்பு நரம்பாக நீர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இலை. கூரையைத் தொட்டது, வளைந்தது, அவள் தலைக்கு மேல் இறங்கியது. விளக்கு மறைந்தது. டீசல். உப்பு. நீளமான கைகள் அவளைச் சுற்றி வந்தன, ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

மோர்வென்னா தன் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.