துளை விழாத காய்

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் போத்தலுக்குள் கிடந்த ஆறு மாசிக்காயிலும் ஈர்க்கு நுழையுமளவு துளை விழுந்திருந்தது. குகதாசன் போத்தலை ஜன்னலோரம் பிடித்து உருட்டிப் பார்த்தான். கொஞ்சம் தூள், அவ்வளவுதான். பூச்சி எங்கே?

பிள்ளையின் வயிற்றோட்டத்துக்கென்று, லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டின் பின்வளவு ஓக் மரத்தில் அவற்றைப் பறித்தவன் அவனேதான். எண்பத்தேழு ஒக்டோபர் புயலில் தெரு முழுக்க மரங்கள் சாய, அது மட்டும் அசையாமல் நின்றது. துளை விழாத காய்தான் மருந்துக்கு நல்லது என்று ஊர் மருந்துக்கடையில் கேட்டிருந்ததால், தேடித் தேடிப் பறித்தான். ஒன்றைக் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்துத் தன் விரலாலேயே பிள்ளையின் நாக்கில் தடவினான். வயிற்றோட்டம் நின்றது. எட்டாம் நாள் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. "நெறி கட்டியிருக்கு, வற்றிவிடும்" என்றார் டாக்டர். வற்றவில்லை. பிள்ளை ஓயாமல் பால் குடித்தது. மனைவி செல்வமலர்தான் வற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜம்புநாதனுக்குக் கவுன்சிலில் மரம் பார்க்கிற வேலை. குகதாசன் போத்தலை வேலிக்கு மேலால் நீட்டினான்.

"இது காயே இல்ல சார். குளவி மொட்டுல முட்டை வச்சிடும். புழுவைச் சுத்தி மரமே வீடு கட்டிச் சோறும் போடும்."

"மரம் பட்டுப்போகாதோ?"

"பெரிய மரம் தாங்கிக்கும். தன் பிஞ்சுன்னு நினைச்சுத்தானே வளர்க்குது."

பிள்ளை பெரிய மரமில்லையே! குகதாசன் மாடிக்கு ஓடினான். மாடி அறையில் பரபின் ஹீட்டரின் நெடியும் புளித்த பாலின் வாடையும் கலந்து கிடந்தன. திரைச்சீலைக்குப் பின்னால் ஓக் கிளையொன்று கண்ணாடியை மெல்ல மெல்ல உரசிக்கொண்டிருந்தது. தொட்டிலில் குனிந்தான். உரசல் கிளையிலிருந்து வரவில்லை. கட்டியில் காதை வைத்தான்.

கறுக். கறுக்.

உள்ளேதான்.

கீழே ஓடி அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். திரும்பி வந்தபோது செல்வமலர் தொட்டிலருகே இருந்தாள்.

"சத்தம் போடாதையுங்கோ. இப்பதான் நித்திரை."

பிள்ளையின் தலையைத் திருப்பினான். கட்டியில் வட்டமாய் ஒரு துளை. ஒரு சொட்டு இரத்தமில்லை. உள்ளே காலி.

"என்னப்பா தேடுறியள்?" என்று கேட்டாள் செல்வமலர், தன் காதுக்குப் பின்னால் சொறிந்தபடி.