உருண்டைக்கு வைத்த தீனி

"நீங்க வைக்கிறதையெல்லாம் இதுதான் தின்னுதான்னு நிச்சயமா தெரியுமாம்மா?"

கால்நடை மருத்துவர் கேட்டு ஒரு வாரமாகியும் அந்தக் கேள்வி அவள் காதை விட்டு நகரவில்லை. அன்று எடைத்தட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது ஹாம்ஸ்டர் என்னும் அந்த வளர்ப்பு எலி. பெயர்தான் உருண்டை. தடவினால் முதுகெலும்பு மணிமணியாக விரலில் தட்டியது.

"கிண்ணம் தினமும் காலியாகுது டாக்டர்."

"கிண்ணம் காலியாகும். இதுங்களுக்குக் கன்னத்துல பை இருக்கு. அதுல அடைச்சுக்கிட்டுப் போய் எங்கயாவது பதுக்கும். பயந்துட்டா சிலது குட்டியைக்கூட வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சுக்கும். கூண்டைக் கிளறிப் பாருங்க."

கிளறினாள். காகிதத் துணுக்குகளுக்கு அடியில் ஒரு விதைகூட இல்லை.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தீனிப் பட்டியலை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. காலையில் ஒரு சின்னக் கரண்டி தினையும் ஓட்ஸும், மதியம் நகத்தளவு கேரட், வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டையின் வெள்ளை, சூரியகாந்தி விதை இரண்டே இரண்டு. அந்தச் சாய்ந்த கையெழுத்து கணவரின் முதல் மனைவியுடையது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பட்டப்பகலில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டவள். அவளுடைய செருப்புகள் எல்லாமே இன்னும் அடுக்கில் இருந்தன. "வெறுங்காலோடவா போனாங்க?" என்று இவள் ஒருமுறை கேட்டபோது கணவர் பேச்சை மாற்றிவிட்டார்.

உருண்டையோடு சேர்ந்து பாப்பாவும் இளைத்துக்கொண்டிருந்தாள். முதல் மனைவியின் மகள், பத்து வயது. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் தையற்கடையில் இருந்த இவளுக்குக் கண்ணே அளவுநாடா. ஒரே மாதத்தில் பாப்பாவின் பாவாடை இடுப்பை இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "எலிக்கு முட்டை அவிக்கிற வீட்டுல பிள்ளை மட்டும் எலும்பா இருக்கே" என்று சிரித்தாள்.

லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த கணவர் வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டார்.

"பாப்பா சாப்பிடுறாளா?"

"தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்லைங்க."

"அப்புறம் ஏன் அவ டீச்சர் எனக்குக் கூப்பிட்டுச் சொல்றாங்க? ஞாயித்துக்கிழமை வரேன். இப்படியே இருந்தா அவளை என் அக்கா வீட்டுல விட்டுடறேன். உன்னைக் குத்தம் சொல்லல."

குத்தம் சொல்லவில்லை என்ற அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருந்தது. ஏழு மாதமாக அந்தப் பெண் தன்னைச் சித்தி என்றாவது கூப்பிடுவாள் என்று காத்திருந்தவள், தொலைபேசியை வைத்துவிட்டு, மறுநாள் பாப்பாவுக்கு அவிக்க ஒரு முட்டையை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் பாப்பாவைக் கவனித்துப் பார்த்தாள். கவளம் உள்ளே போனது, தொண்டை அசையவில்லை. கன்னம் மட்டும் புடைத்தது.

"கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று வாசல் கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக நுழைந்தாள்.

பாப்பா கூண்டைத் திறந்திருந்தாள். தினையைக் கிள்ளிக் கிள்ளி வாயில் இட்டுக்கொண்டாள். கேரட் துண்டையும், அந்த இரண்டு சூரியகாந்தி விதைகளையும்கூட. உருண்டை பின்கால்களில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பாப்பா மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்குள் போனாள். தரையில் விதைகள் கொட்டும் சலசலப்பு. வெளியே வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. ஈரவாயைத் துடைத்துக்கொண்டு மாடியேறிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் மெல்லும் சத்தம் தொடங்கியது.

கறுக். கறுக்.

எலியாகத்தான் இருக்கும். எலியாகத்தான் இருக்க வேண்டும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது.

புளித்த சோறும் ஊறிய கம்பளியும் அலசாத தலைமுடியும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. குனிந்து உள்ளே போனாள். பழைய பெட்டிகளுக்கு நடுவில் துணிக்கீற்றுகளைச் சுருட்டிச் சுருட்டி அடைத்த ஒரு கூடு இருந்தது. ஒரு கீற்றை எடுத்து விளிம்பைத் தடவினாள். கத்தரி வெட்டினால் இப்படி இருக்காது. கிழித்தால் நூல் நேராகப் பிரியும். இது கடித்தது. சுற்றிலும் உமி. தினை உமி, விதைத் தோல். இன்று காலை அவள் பாப்பாவுக்கு ஊட்டாத குறையாக வைத்த முட்டையின் வெள்ளை, பாதி.

கூட்டின் நடுவில் ஒரு குழி. பாப்பா படுக்கும் அளவு இல்லை அது. முழங்காலை மடக்கினால் வளர்ந்த ஒருத்தி படுக்கலாம். அளவுநாடா தேவைப்படவில்லை. அடுக்கில் அப்படியே கிடந்த அந்தச் செருப்புகள் நினைவுக்கு வந்தன.

கையை வைத்தாள். சூடாக இருந்தது.

கூடத்தில் உருண்டையின் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. திரும்பினாள். அறை வாசலில் பாப்பா. ஒரு கன்னம் புடைத்திருந்தது.

"பாப்பா. வாயில என்னம்மா?"

கன்னம் அசைந்தது. உள்ளிருந்து அசைந்தது. மூடிய உதடுகளின் ஓரத்தில் இரண்டு மெல்லிய மீசை மயிர்கள் துடித்தன.

பயந்துட்டா வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சுக்கும்.

"என்னைப் பார்த்தா பயப்படுற?"

பாப்பா மெதுவாக, இல்லையென்று தலையாட்டினாள். அவள் கண்கள் சித்தியின் மேல் இல்லை. தோளுக்குப் பின்னால். படிகள் தாழ்ந்து முடியும் இருட்டில்.

அங்கே ஓர் உமி விழுந்தது.

இன்னொன்று.

கழுத்தில் ஈரமான மூச்சு.

பாப்பா இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். பின்வாங்கினாள். வாசல் கதவைத் திறந்து, வெறுங்காலோடு, ஒரு வார்த்தை சொல்லாமல் வெயிலில் இறங்கிப் போனாள்.